ஒரு மாதம் கழித்து வந்த படம்

சிக்கந்தர் மாமா இறந்த செய்தி நம் ஞாயிற்றுக்கிழமைப் பறவைப் படக் குழுவின் வாட்சப்பில் வந்தபோது நான் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுவலி, உச்சிப்புளி வீட்டிலேயே முடிந்துவிட்டது என்று இருந்தது. சற்று நேரத்தில் உங்களில் ஒருவர் அஞ்சலிப் படம் தயாரித்துப் போட்டார். பின்னணியில், போட்டியில் பரிசு வாங்கிய நம் பூநாரைகள் பறந்துகொண்டிருந்தன. எல்லாரும் கைகூப்பினீர்கள். அந்தப் படத்தின் மேல் அவர் பெயரை எழுத எப்படி மனம் வந்தது?

மாமா பேட்டரிக் கடை வைத்திருந்தார். சவூதியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய பிலிம் கேமராவைத்தான் கடைசிவரை தூக்கிக்கொண்டு வந்தார். மற்ற எல்லாரிடமும் டிஜிட்டல். "எங்க பாய், எடுத்ததக் காட்டுங்க" என்று கேலி செய்வீர்கள். "கூரியர்ல போயி கழுவி வரணும்ல, ஒரு மாசம் பொறுங்கப்பா" என்பார். "அதுக்குள்ள கொக்கு பேரன் பேத்தி எடுத்துரும்!" அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் காலை முழுக்கக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தும் அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "வெளிச்சம் வந்துச்சு, கொக்கு வரல. கொக்கு வந்துச்சு, வெளிச்சம் போயிருச்சு. வா, டீ குடிப்போம்" என்றார். அன்று என்னிடம் நானூறு படங்கள் இருந்தன. ஒன்றும் நினைவில்லை.

பிலிமில் எடுப்பவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு டிஜிட்டல்தான் பிடிக்கும். தப்பாக வந்தால் அழித்துவிடலாம். அவருக்கு நம்மிடம் இருந்த குறை ஒன்றுதான். "ஏலே, அமுக்குனவொடன ஏன் எல்லாரும் குனிஞ்சிர்றீக? பறவ இன்னும் அங்கனதானலே நிக்கிது."

சாயல்குடிப் பக்கம் உப்பளத்துக்குப் போன நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூநாரைகள் தண்ணீரில் அசையாமல் நின்றன. போட்டிக்குப் பறக்கும் படம் வேண்டும். ஓலைவெடியைக் கொளுத்திப் போட்டவர் என் அப்பா. கூட்டம் மொத்தமாக எழுந்தது. நம் கேமராக்கள் சடசடவென்று ஓடின. பிறகு எல்லாரும் திரையைப் பார்த்தோம். "ஒன்னு கெளம்பலப்பா, அங்கன கெடந்து துடிக்கிது" என்று மாமா கத்தியது எனக்குக் கேட்டது. என் படத்தில் இறக்கையின் சிவப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தோம். திரும்பவில்லை. கோபித்துக்கொண்டார், பஸ்ஸில் வரட்டும் என்று கிளம்பிவிட்டோம்.

அப்பாவின் படத்துக்கு முதல் பரிசு வந்தது. வாழ்த்துகள் ஓய்ந்த பிறகுதான் மாமாவின் பிலிம் கழுவி வந்தது. அதில் ஒரு படத்தின் பிரதியை போனில் படமெடுத்துக் குழுவில் போட்டார். முன்னால் நாம் வரிசையாகக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பின்னால் ஓர் இளம் பூநாரை, ஒரு இறக்கை மடங்கி, தண்ணீரில் சரிந்து கிடக்கிறது. கீழே ஒரு வரி: "இத யாருமே பாக்கலயா?"

பொறாமை என்றீர்கள். பரிசைக் கெடுக்கப் பார்க்கிறார் என்றீர்கள். குழுவை உண்டாக்கியவள் நான் என்பதால் அட்மின் நான் மட்டும்தான். "அந்தாளத் தூக்கிரும்மா, அந்தப் படத்தையும் அழிச்சிரு" என்றார் அப்பா. இரண்டையும் செய்தேன். அந்தப் பறவைக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு, அவர் இறக்கும்வரை ஐந்து மாதம் இருந்தது.

போன வாரம் உச்சிப்புளிக்குப் போனேன். கணவர் இறந்தபின் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் உள்ளறையிலேயே இருந்த மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஞாயித்துக்கெழமைன்னா அவுக கேமராவத் தொடச்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாக. ஏன் யாரும் கூப்புட வரலன்னு கேட்டேன். புள்ளைக்குப் பரீட்சை, அதான் யாரும் போகலன்னாக. அப்படியாம்மா?"

நாம் நீக்கியதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"ஆமா மாமி, பரீட்சை" என்றேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

நேற்று அப்பா சொன்னார்: "பாயி நம்பர மறுபடி குரூப்புல சேத்துரு. நம்ம இரங்கல மறுபடி போடுவோம், அவுக வீட்டுல பாக்கட்டும்." சேர்க்க மாட்டேன் அப்பா.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு படம்தான். குழுவில் அழித்தேன், என் போனில் தானாகச் சேமிப்பாகி இருந்தது. இதன் கீழே அதை மறுபடி போடுகிறேன். இந்த முறை பெயர்களோடு. இடமிருந்து மூன்றாவது, இரட்டைச் சடை போட்டுக் குனிந்திருப்பவள் நான். மற்றவர்கள் அவரவரைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.