பொட்டு வைத்த சவரிநாதன்

ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு நடந்தது. கேமராவில் தெரிகிற நாற்காலி, சொம்பு, காலண்டர், சாமி படம் எல்லாம் ரெஜிஸின் பொறுப்பு. ஆர்ட் அசிஸ்டென்ட். பாலக்கரையிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவான். சுவர்க் கடிகாரம் தப்பாக ஓடினால் திட்டு அவனுக்கு. சரியாக ஓடினால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது.

முதல் நாள், கதாநாயகியின் செத்துப்போன அப்பா படம் சென்னையிலிருந்து வரவில்லை. லைட் போட்டாயிற்று.

"அரை மணி நேரத்துல சுவத்துல ஒரு அப்பா தொங்கணும்" என்றார் டைரக்டர்.

இந்தத் தொழிலில் உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போட யோசிப்பார்கள். பிணமாகப் படுத்த நடிகரைக்கூட ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். ரெஜிஸுக்கு அது தெரியும். தெரிந்தேதான் தன் அப்பா சவரிநாதனின் படத்தைக் கொடுத்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவர் ஓய்வுபெற்ற அன்று எடுத்தது, போனில் இருந்தது. ஒரு நாள்தானே. ஸ்டூடியோவில் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பிளாஸ்டிக் சாமந்தி மாலையை மாட்டினான்.

கதாநாயகி நன்றாக அழுதாள். அதனால் தினமும் அந்தப் படத்தின் முன்னால் அழ வைத்தார்கள். கன்டினியுட்டி என்று ஒன்று இருக்கிறது. நேற்று திரையில் தெரிந்தது இன்றும் அப்படியே தெரிய வேண்டும். உதவி இயக்குநர் ஆரிஃபுக்கு அதுதான் வேலை. பழைய ஷாட்டைப் போனில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுவான்.

முதல் வாரம் சவரிநாதன் டிவி முன்னால் உட்கார்ந்து சிரித்தார்.

"டேய், எனக்கே பொட்டு வச்சுட்டியேடா. ஃபாதர் பாத்தா கோயிலுக்குள்ள விடமாட்டாரு."

இரண்டாம் மாதம் மணப்பாறை உறவுக்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். கதவைத் திறந்தது சவரிநாதன். அன்றிலிருந்து தொடர் ஓடுகிற எட்டு மணிக்கு அவர் டிவி பக்கம் வரவில்லை. மூன்றாம் மாதம் நெஞ்சுவலி.

"அந்தப் படத்த எறக்கிடு ரெஜிஸ். உங்கிட்ட வேற எதுவும் கேக்கல" என்றாள் அம்மா பாக்கியமேரி, ஆஸ்பத்திரி வராந்தாவில்.

ரெஜிஸ் போய்க் கேட்டபோது டைரக்டர் கையிலிருந்த பேப்பரை விட்டுத் தலை தூக்கவில்லை.

"அறுவது எபிசோடு போயாச்சு. திடீர்னு அவளுக்கு வேற அப்பாவா? ஒங்கள யாருங்க குடுக்கச் சொன்னா?"

யாரும் கொடுக்கச் சொல்லவில்லைதான்.

"அடுத்த வாரம் வீடு தீப்பிடிக்கிற சீன் வருது. அதுல படமும் எரிஞ்சிரும். பொறுத்துக்குங்க."

அப்பாவிடம் அதைச் சொன்னான். அடுத்த வாரம் சேனல்காரர்கள் தீயைத் தள்ளிவைத்தார்கள். அதற்கடுத்த வாரமும். வீட்டுக்கு வந்துவிட்ட சவரிநாதன், மகன் உள்ளே நுழையும்போதெல்லாம் கட்டிலிலிருந்தே கேட்பார்.

"எப்படா எரிக்கப் போறீங்க என்னைய?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் ரெஜிஸ் வேலைக்குப் போனான். டைரக்டர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"தீ சீனையே எடுத்துட்டாங்க கதையிலேர்ந்து. இனி அந்தப் படம் இருக்கறதுல ஒங்களுக்கு ஒண்ணும் இல்லேல்ல?"

ரெஜிஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டான். காந்தி மார்க்கெட்டில் வாங்கிய சம்பங்கி மாலை பையில் இருந்தது. ஸ்டூலில் ஏறி பிளாஸ்டிக்கைக் கழற்றினான். கண்ணாடியிலிருந்த பொட்டை ஈரத்துணியால் துடைத்தான். அப்பாவின் நெற்றி வெறும் நெற்றியாக வந்தது. சம்பங்கியைப் போட்டுவிட்டு இறங்கி நின்று பார்த்தான்.

ஆரிஃப் போனோடு வந்தான். சுவரைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.

"அண்ணே... எனக்கே கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. நேத்து எடுத்ததுல சாமந்தி. பொட்டும் இருக்கு."

ரெஜிஸ் மறுபடி ஸ்டூலில் ஏறினான். சம்பங்கியை எடுத்துவிட்டுச் சாமந்தியை மாட்டினான். சந்தனத்தைக் குழைத்து விரலால் வைத்தான்.

"கொஞ்சம் எடப்பக்கம்ணே" என்றான் ஆரிஃப்.

ரெஜிஸ் அதைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் இடப்பக்கமாக வைத்தான்.