எண்ணெ தீர்ற வரைக்கும்

எங்க வூட்டுக்காரரு பட்டாளத்துச் சண்டையிலேருந்து திரும்பி வந்தப்ப கொண்டாந்தது ஒரு தகரப்பெட்டி. அதுக்குள்ள எலுமிச்சம்பழம் பெருசுல ஒரு எஞ்சின். ஏரோட்ராம்ல கூட வேலை பாத்த வெள்ளைக்காரன் ஊருக்குக் கெளம்புறப்ப குடுத்துட்டுப் போனானாம். அது கூடவே தலைசுத்தலும் வந்துச்சு. பக்கத்துல குண்டு விழுந்ததுலேருந்து ஒரு காது அடைச்சுப்போயி, வெரசா திரும்பினாலே ஆளு பொத்துனு விழுந்துடுவாரு. ஏரு ஓட்டப் போனவரு சால் திருப்பத்துல விழுந்து கெடந்தாரு. அதுக்கப்புறம் அவரு அண்ணன் ஏரைத் தொடவே விடல. சோறு மட்டும் போட்டாரு, முணுமுணுத்துக்கிட்டே. மீன்சுருட்டியிலேருந்து பவுசா வாக்கப்பட்டு வந்தவ நான், அந்தச் சோத்தை முழுங்குறதுக்குள்ள உசுரு போயி உசுரு வரும்.

அப்பத்தான் திருச்சியில பசங்களுக்குப் பொம்மை ஏரோப்ளேன் கத்துக்குடுக்க ஆள் எடுக்கிறாங்கன்னு சேதி வந்துச்சு. ஆள் எடுக்கிற சார் கார்ல வர்ற வழியில எங்க அரியலூர்லயே பாத்துடுறேன்னாரு. சொந்தமா செஞ்ச ப்ளேன் அவரு சொல்ற வேகத்துல பறக்கணும். அவரு கடியாரம் புடிச்சு எண்ணுற சுத்து முடியிற வரைக்கும் எஞ்சின் நிக்கக் கூடாது. உடையாம எறங்கணும். இந்த வேலை கெடைச்சா தனிச்சோறு. கெடைக்கலன்னா அண்ணன் வூட்டு மூலைதான் கடைசி வரைக்கும்.

அந்த ப்ளேன் சும்மா வானத்துல போறது இல்ல. ரெண்டு மெல்லிசுக் கம்பி இறக்கையிலேருந்து வந்து இவரு கையில இருக்கிற புடியில முடியும். இவரு நடுவுல நின்னு திரும்பிக்கிட்டே இருக்கணும், ப்ளேன் சுத்தி வரும். எண்ணெ இருக்கிற வரைக்கும் அது எறங்காது. ஓடுற எஞ்சினோட எறக்கினா சுக்குநூறுதான். தலைசுத்துற மனுசனுக்கு ஆண்டவன் பாத்துக் குடுத்த பொழப்பைப் பாருங்க!

அதனால எல்லாம் எண்ணெ ஊத்துற டேங்குல வந்து நின்னுச்சு. மண்ணெண்ணெ டின்னை வெட்டி, கடைத்தெருவுல ஈயம் பத்தவைக்கிறவருகிட்ட பெருசு, நடுத்தரம், சின்னதுன்னு மூணு டேங்கு செஞ்சாந்தாரு. சுத்துற வேகத்துல எண்ணெ பூரா வெளிப்பக்கம் போயி ஒட்டிக்கும்னு குழாயை அந்தப் பக்கத்துச் செவுத்துலயே வச்சிருந்தாரு. மண்ணெண்ணெ, பெரம்பலூர் செக்குல ஆட்டுன வெளக்கெண்ணெ, ஆஸ்பத்திரி கம்பவுண்டர்கிட்ட கெஞ்சி வாங்குன ஈதர்ங்கிற மயக்கமருந்து, மூணையும் கலந்து ஊத்துவாரு. அந்த நாத்தம் என் சேலையெல்லாம் ஏறிக்கெடந்துச்சு.

சின்ன டேங்கு போட்டா இவரு நிப்பாரு, எஞ்சின் பாதியில நின்னுடும். பெருசு போட்டா எஞ்சின் நிக்காது, இவரு விழுந்துடுவாரு.

"பெருசு வேணாங்க, உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். நடுவுல உள்ளதுதான் இருக்கே."

"அது ஒரு நாள் போதும், ஒரு நாள் போதாது. அதை நம்பி அந்த மனுசன் முன்னாடி நிக்கச் சொல்றியா?"

"அப்ப பெருசுல பாதி ஊத்துங்க."

"பாதி ஊத்துனா அலம்பும் புள்ள. கெளம்புறப்பவே காத்து ஏறி நின்னுடும்."

"அப்ப அந்த எழவு எஞ்சினைக் கொண்டுபோயி கெணத்துல போடுங்க!"ன்னு கத்திட்டேன். அவரு டேங்கைக் கையில வச்சுக்கிட்டு, "இதையும் போட்டுட்டா நான் எதுக்குடி?"ன்னு அழுதாரு. கடைசியில நடுத்தரமே போடுறேன்னு ஒத்துக்கிட்டாரு.

சார் வந்த அன்னிக்கு ஊருக்கு வெளிய தரிசுல ப்ளேனை நிறுத்தினோம். கெளப்பிவிடுறவரைக்கும் ப்ளேனைப் புடிச்சுக்கிறது என் வேலை. எஞ்சினைக் கெளப்பி என் கையில குடுத்துட்டு அவரு நடுவுக்குப் போயிட்டாரு. கை கனத்துச்சு. எனக்குத் தெரியாதா அந்தக் கனம்? பெருசைத்தான் பூட்டியிருக்காரு, பாவி மனுசன்.

"ஏங்க, இது பெருசுங்க!"ன்னு கத்தினேன். எஞ்சின் சத்தத்துல எது கேக்கும்? அவரு கையைத் தூக்கி, "விடு, விடு"ன்னாரு. பக்கத்துல சார் கடியாரத்தோட நிக்கிறாரு, வேடிக்கை பாக்க ஊரு ஆம்பளைங்க வேற. விட்டுட்டேன்.

என்னா வேகம்! அப்படியொரு வேகத்தை நான் பாத்ததே இல்ல. சார் எண்ண ஆரம்பிச்சாரு. இவரு பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திரும்புறாரு, மொகம் சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு. எண்ணி முடிச்சு சார் கையைத் தூக்கினாரு. முடிஞ்சுதுன்னு நான் குதிச்சேன். ஆனா எண்ணெ தீரலையே! ப்ளேன் பாட்டுக்கு சுத்துது. இவரு ஒரு பக்கமா சாயிறாரு, வாந்தி எடுக்கிறாரு, முட்டி போட்டுட்டாரு. கை மட்டும் மேல நிக்குது.

ப்ளேன் என்னைத் தாண்டுனதும் குனிஞ்சு ஓடினேன். சார் "போகாதம்மா!"ன்னு கத்துனாரு. கொசுவத்தை இழுத்துச் சொருகிக்கிட்டு, அத்தனை ஆம்பளைங்க பாக்க அவரைப் பின்னாலேருந்து கட்டித் தூக்கி நானும் சேந்து சுத்தினேன். வெக்கமாவது மானமாவது! கம்பி தலைக்கு மேல வீச்சு வீச்சுனு போவுது. தீந்து தொலையேன், தீந்து தொலையேன்னு அந்த டேங்கைத் திட்டிக்கிட்டே சுத்தினேன். ஒரு வழியா சத்தம் நின்னு, புல்லு மேல வழுக்கிக்கிட்டு எறங்குச்சு. ஒரு கீறல் இல்ல.

சார் பக்கத்துல வந்தாரு. இவரு மண்ணுல ஒருக்களிச்சுக் கெடந்தாரு, நல்ல காது தரையில அமுங்கியிருந்துச்சு. "ப்ளேன் பிரமாதமா ஓடுச்சும்மா. ஆனா பசங்க நடுவுல இவரை எப்படி நிறுத்துறது? கம்பி கையை விட்டா யாரு தலையில விழும்?"னு மெதுவா சொன்னாரு. நல்ல மனுசன்தான், அவரைத் திட்ட எனக்கு வாய் வரல. கார் கெளம்பிப் போனதும் இவரு தலையைத் தூக்கி, நல்ல காது மேல வர்ற மாதிரி மடியில வச்சுக்கிட்டேன்.

"நிக்காம ஓடுச்சா?"ன்னாரு இவரு.

"ஓடுச்சுங்க."

"சார் என்னா சொன்னாரு?"

"பிரமாதமா ஓடுச்சுன்னாரு."

கண்ணைத் தெறக்காமலே சிரிச்சாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிச் சிரிச்சதில்ல. "எப்ப வந்து சேரச் சொன்னாரு புள்ள?"ன்னாரு.

மொதல்ல எந்திரிங்கன்னேன்.