முந்தானையில் முடிந்த பீஸ் கட்டை

என் ஓரகத்தி ஜெயசுதா பிடிவாதக்காரி. குறையாகச் சொல்லவில்லை. குருவிநத்தத்தில் நெல்லும் கரும்பும் தவிர வேறு தெரியாத குடும்பத்துக்கு மருமகளாக வந்து திராட்சைப் பந்தல் போட வேறு எந்தக் குணம் உதவும்?

போன வருசம் பந்தல் கொள்ளாத காய். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. ஒயின் ஆலைக்குப் பழம் வாங்கும் கலைவேந்தன் மட்டும் ஒன்றைக் கடித்துவிட்டு, "வெறும் தண்ணியா கீதுக்கா. ஒயினுக்கு ஆவாது" என்று வண்டியைத் திருப்பினார். அவள் வீட்டுக்காரர், என் மூத்தார் உலகநாதனுக்கு மானமே போய்விட்டது. "இன்னும் ஒரு வாட்டி பாப்பேன். அப்பறம் வேரோட புடுங்கிட்டு நெல்லு நட்டுருவேன்" என்றார்.

இந்த வருசம் மார்கழியில் கவாத்து செய்து, காய் பிடித்ததும் ஜெயசுதா கத்தரிக்கோலோடு இறங்கினாள். பச்சைக் கொத்துகளில் பாதியை வெட்டிக் கீழே போட்டாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"எல்லாத்துக்கும் பங்கு வெச்சா எதுக்கும் ருசி ஏறாதுடி" என்றாள்.

கொத்தை மூடிய இலைகளைக் கிள்ளி, காற்றும் வெளிச்சமும் பட விட்டாள். பழம் நிறம் மாறியதும் தண்ணீரைக் குறைத்தாள். கடைசியில் அடியோடு நிறுத்திவிட்டாள்.

இலை துவண்டு கிடந்தால் நெல் விவசாயிக்கு மனம் பொறுக்குமா? என் மூத்தார் பம்புசெட்டுக்கு ஓடினார். மோட்டார் ஓடவில்லை. மின்பெட்டியிலிருந்த பீஸ் கட்டையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தாள் இவள்.

"கொடிய சாவடிக்கிறியாடி?"

"சாவாது. நீ கம்முனு இருய்யா."

சித்திரையில் கலைவேந்தன் வந்தார். ஒரு பழத்தைத் தின்று பார்த்தார். இன்னொன்றைப் பிழிந்து, சர்க்கரை பார்க்கும் கருவியில் சாற்றை விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூத்தார் தோள் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"இன்னாக்கா பண்ண? முழுசும் எங்களுக்குத்தான். ஒரு கொத்துகூட வெளிய போவக் கூடாது" என்றார் கலைவேந்தன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் என் ஓரகத்தி என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. என் பெருமைக்கு அன்று அளவே இல்லை.

பழமெல்லாம் வண்டி ஏறியதும் ஜெயசுதா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பீஸ் கட்டையை எடுத்து மூத்தார் கையில் வைத்தாள்.

"போய் மோட்டாரப் போடு. இத்தினி நாளா தாகத்தோட நின்னுச்சு. இப்ப வயிறார குடிக்கட்டும்."

என் மூத்தார் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.