இடது கக்கத்து நெறி

எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டு வந்தவன் நான். கொட்டாம்பட்டிப் பக்கம் அறுப்பு, பிறகு லாரியில் மூட்டை, கடைசியாகச் செல்லூரில் விசைத்தறி. ஓரிடத்தில் சந்தேகம் வந்துவிட்டால் பையைத் தூக்கிவிடுவேன். இந்த முறை சந்தேகம் உடம்புக்குள்ளேயே இருந்தது.

இடது மார்புக் காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. குளிக்கும்போது பக்கத்துத் தறிக்காரன் பார்த்துவிட்டான்.

"என்ன மாப்ள, பால் கட்டிக்கிருச்சா?"

அக்குளிலும் ஒன்று இருப்பதைக் காட்டியதும் சிரிப்பை நிறுத்தினான். பிறகு அவனே சமாதானம் சொன்னான்.

"அட, தறியில கையக் கிழிச்சுக்கிட்டேல்ல? நெறி கட்டியிருக்கும்டா. கால்ல புண்ணுன்னா தொடையிடுக்குல கட்டும், கையில புண்ணுன்னா அதே பக்கத்துக் கக்கத்துல. ஆறுனா தன்னால அமுங்கிரும்."

கை ஆறியது. கட்டி அமுங்கவில்லை. வேறு ஊருக்குக் கிளம்பும் வழியில் காட்டிவிடலாம் என்று பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மருத்துவர் என்னைவிட இளைய பெண். சட்டையைக் கழற்றி உட்காரச் சொன்னார். தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கைகளைத் தூக்கச் சொன்னார், இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொன்னார். என்னை அப்படிப் பார்த்தவர்கள் கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள்தான். பிறகு படுக்கவைத்து, வலது பக்கத்தில் ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல."

"நல்லா இருக்கறது எப்படியிருக்குன்னு மொதல்ல தெரியணும்ணே."

விரல்களைப் படியவைத்து, சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே போனார். இடது பக்கத்தில் விரல்கள் நின்றன. கட்டியை நகர்த்திப் பார்த்தார். மறுபடி உட்காரவைத்து, என் இடது கையைத் தன் கைமேல் தாங்கிக்கொண்டு, அக்குளின் ஆழம்வரை விரலைச் செலுத்தினார். நான் இறுக்கினேன்.

"தொங்க விடுங்க. கனத்த என்கிட்ட குடுத்துருங்க."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"அது நெறிதாங்க. தறியில கை கிழிஞ்சது" என்றேன்.

"எங்க, காட்டுங்க."

நீட்டினேன். தழும்பு இருந்தது வலது கையில்.

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. அவர் இடது அக்குளிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"ஆம்பளைக்கும் வருமாங்க?"

"அபூர்வமா வரும். கட்டின்னாலே அதுதான்னு இல்ல. படம் எடுக்கணும், ஊசி வச்சுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும். அப்பத்தான் சொல்ல முடியும். நாளைக்கு வந்துருவீங்கல்ல?"

கேட்டபோது அவர் பார்த்தது என்னையல்ல, காலடியில் கிடந்த பையை.

வெளியே வந்ததும் தறிக்காரன் போனில் கூப்பிட்டான்.

"என்னடா, நெறிதான?"

"நெறிதான் மாப்ள. புண்ணு எங்கன்னுதான் தேடுறாக."

"அப்ப பஸ் ஏறலயாடா?" என்றான்.

"பையோட வாரேன். நாளைக்கு இங்கதான் வரணும். உன் ரூம்லயே படுத்துக்கறேன்."