வெயிலில் மூடாத திருப்புப் பாலம்

என் மளிகைக்கடைக்கு வருகிறவர்களிடம் இரண்டு வருடமாகத் திருப்புப் பாலத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். வள்ளம் வந்தால் பாலம் முழுவதும் கதவு போலத் திரும்பி வழிவிடும் என்று கையை வீசிக் காட்டுவேன். பார்த்ததில்லை. போன வாரம் ஒருவர், எந்தப் பக்கமாகத் திரும்பும் என்று கேட்டுவிட்டார். அதனால்தான் இந்தக் கொல்லம் ஆண்டு 1107 மாசியில் கிளம்பினேன்.

குழித்துறையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கால்வாய்க்கு ஆறு மைல். மாட்டுவண்டிக் கூலி ஏழு சக்கரக் காசு. மாட்டுக்கு வழி தெரியும், அவசரம் தெரியாது. எட்டு மணிக்கு ஏறியவன் பதினொன்றுக்கு இறங்கினேன்.

பாலத்தின் ஒரு முனை அக்கரையில் தூண்மேல் உட்கார்ந்திருக்கிறது. அடியில் வட்டத் தண்டவாளம், அதில் இரும்பு உருளைகள். இக்கரைப் பக்கம் தொங்கிவிடாமலிருக்க, பின்னால் கருங்கல் பாரம். என் தராசும் இதே தத்துவம்தான், கொஞ்சம் நேர்மை குறைவு. நீண்ட கைப்பிடியைப் பிடித்துச் சுற்றி நடந்தால் பாலம் திரும்பும். மேற்குப் பக்கமாக.

கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு ஏற்றிய வள்ளம் கடந்து போயிருந்தது. பாலத்துக் காவல்காரரும் ஒரு மீன்காரியும் அதை மூடுவதற்காகத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். கடக்கிறவரே தள்ளவேண்டும் என்பது அங்கே வழக்கம். இக்கரைக் கல்லுக்கு ஒரு விரற்கடை இருக்கையில் முட்டி நின்றது.

"இரும்பு வீங்கிப் போச்சு. வெயிலு தாழணும்" என்றார் காவல்காரர்.

"வெயிலு தாழும்பம் எனக்க மீனு நாறிப் போவும்" என்றாள் அவள். கூடை நிறையச் சாளை, குழித்துறைச் சந்தைக்கு. பிறகு என்னைப் பார்த்தாள். "வேடிக்கை பாக்க வந்தவரே, தண்ணி கோரி அந்த முனையில ஊத்தும்."

வண்டிக்காரரின் வாளியால் ஊற்றினேன், ஊற்றினேன், குனிந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். இரும்பு சீறியது, சுருங்கியது. அவர்கள் தள்ளினார்கள். பாலம் கல்லில் கச்சிதமாகப் பொருந்தியது.

போகிறவர்கள் பத்து மணிக்கு முன்னால் போங்கள். குடையும் குடிதண்ணீரும் கையில் இருக்கட்டும். அவ்வளவு பாரத்தை இரண்டு பேர் நடந்தே திருப்புவதைப் பார்க்க ஆறு மைல் அதிகமில்லை.

பொருந்தியபோது என் இடுப்பு முண்டின் ஓரம் ஒரு சாண் பாலத்துக்கும் கல்லுக்கும் நடுவே போயிருந்தது. இரும்பு மறுபடி சூடேறிக் கல்லில் இறுகிவிட்டது, இனி தண்ணீர் ஊற்றினாலும் வெயில் தாழாமல் திறக்காது என்றார் காவல்காரர்.

மீன்காரி கூடையைத் தலையில் வைத்துக் கடந்து வந்தாள். "அது இனி பாலத்துக்குள்ள முண்டு, அண்ணே" என்றாள். நிற்கவில்லை. சந்தைக்கு நேரமாகிவிட்டது.

வெயில் நாலரை மணிக்குத் தாழ்ந்தது. அதுவரை பாலத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.