கிணற்றுக்குள் விளக்கீடு

நேற்று மாலை தேநீரில் தேங்காயெண்ணெய் மணத்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். கோபம் வந்தால் நான் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. குசினிக்குள் போய்த் தேநீர் ஊற்றுகிற ஆள். எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் தேநீர் செலவாவதற்குக் காரணம் அதுதான்.

நேற்று கார்த்திகை விளக்கீடு. மகள் போகிற பாலர் பாடசாலையில் பிள்ளைகளைக் கொண்டு மண் சிட்டி விளக்குகளுக்கு நிறம் பூசுவித்து, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பொழுதுபட முதலே அவள் அவற்றைக் கேற்றடி மதிலில் வரிசையாக வைத்தாள். நான் எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. ஒழுங்கை முழுவதும் இருட்டு, எங்கள் மதில் மட்டும் வெளிச்சம். படம் எடுக்கலாம் என்று போனைத் தேடி உள்ளே போய்த் திரும்பி வருகிறேன், மதில் வெறுமையாக இருக்கிறது. எங்களோடு இருக்கிற என் அம்மா, சிட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து ஹோலில் அலுமாரிக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மழை வரப்போகுது" என்றார், என் முகத்தைப் பாராமல்.

மதிலுக்கு மேலே முழுநிலா நின்றது, பக்கத்தில் ஒரு முகில்கூட இல்லை. அலுமாரியில் தீப்பிடிக்காமல் சிட்டிகளை இழுத்து வைத்துவிட்டு, கழுவாத கையோடு போய்த் தேநீர் ஊற்றினேன். மணம் வந்தது அப்படித்தான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டுத் தேநீர் வருடத்தில் ஒரு நாள் இப்படி மணக்கும், விளக்கீட்டுக்கு மறுநாள் காலை. கிணற்றுத் தண்ணீரின் மேல் எண்ணெய் மினுமினுத்துக்கொண்டு நிற்கும். அப்பா முகம் சுளிக்காமல் குடிப்பார். ஏனென்றால் எங்கள் வீட்டில் விளக்கீடு கிணற்றுக்குள்தான்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் வீடு உட்துறைமுகத்துக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது. ஒழுங்கை முகப்பில் ஆமிக்காரரின் காவல் சென்றி. ஐப்பசி பிறந்ததும் எங்கள் ஊரின் பொழுது சுருங்கத் தொடங்கும். மழை மூடிக்கொண்டால் பின்னேரம் நான்கு மணிக்கே புத்தகத்தில் எழுத்துத் தெரியாது. துறைமுகப் பக்கத்து யன்னலை அம்மா தடித்த துணியால் மூடிவிடுவார், குப்பி விளக்கையும் கட்டிலுக்குக் கீழே வைப்பார். அந்த இருட்டில்தான் கிணறு நிறையும். ஆவணியில் கயிறு முழுவதையும் விட வேண்டிய கிணற்றில், கார்த்திகைக்கு இரண்டு முழம் விட்டால் போதும்.

விளக்கீட்டன்று அம்மா தேங்காய்ச் சிரட்டைகளில் எண்ணெய் விட்டுத் திரி போடுவார். வாளியில் பாதிக்குத் தண்ணீர், அதன் மேல் எரிகிற சிரட்டை. மெல்ல இறக்கி, வாளியை அமிழ விட்டால் சிரட்டை தானாகக் கழன்று மிதக்கும். ஒவ்வொன்றாக இறங்க இறங்கக் கிணற்றின் உட்சுவர் பொன்னாகிவிடும். நாங்கள் கிணற்றுக்கட்டில் நாடியை வைத்து எட்டிப் பார்ப்போம். வெளிச்சம் கீழிருந்து வந்து அம்மாவின் முகத்தில் ஆடும். வெளியே ஒழுங்கையில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

ஏன் கிணற்றுக்குள் என்று ஒருமுறை கேட்டேன். "கிணத்துக்க வைச்சால்தான் வானத்துக்குத் தெரியும்" என்றார் அம்மா.

நான் நம்பினேன். தை பிறந்து பொழுது நீளத் தொடங்கும்போது, அது எங்கள் கிணறு செய்த வேலை என்றே நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு வெயிலில் நடக்கிற மற்றப் பிள்ளைகளைப் பார்க்கையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

பிறகு மட்டக்களப்பில் படிக்கப் போனேன். விடுதியில் முதல் விளக்கீடு. எல்லோரும் திரி திரித்துக்கொண்டிருக்க, பொறுப்பான பிள்ளையாகச் சிரட்டைகளைச் சேர்த்துக்கொண்டு, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டேன். என் அறையில் இருந்த வெருகல் ஊர்ப் பிள்ளை திரியைக் கீழே போட்டுவிட்டாள்.

"கிணத்துக்கயோ? ஆருக்கடி விளக்கு, தவளைக்கோ?"

அந்த வருடம் முழுவதும் எனக்குப் பெயர் தவளை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வாசலில் வாழைக்குற்றி நட்டு விளக்கு வைப்பதைப் பார்த்தேன். றோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். விளக்கு என்பது பிறர் பார்ப்பதற்கு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

விடுமுறைக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார். எனக்கு நினைவு தெரிவதற்கு முந்திய ஒரு கார்த்திகையில் அப்பா வாசற்படலையில் விளக்கு வைத்திருக்கிறார். சென்றியிலிருந்து வந்தவர்கள் காலால் தட்டிவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த மாதத்தில்தான் ஆமியோடு போரிட்டு இறந்த பிள்ளைகளுக்கும் விளக்கு ஏற்றுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் விளக்கு எதற்கு என்பது தெரியாது.

"ஆருக்கு விளக்கு எண்டு கேட்டாங்களாம். சாமிக்கு எண்டிருக்கிறார். எந்தச் சாமிக்கு எண்டு கேட்டு அடிச்சாங்களாம்."

விடிந்த பிறகுதான் அப்பா வந்தார். அன்று அம்மாவிடம் சொன்னதோடு சரி, பிறகு அவர் அதைப் பற்றி யாரிடமும் கதைத்ததில்லை. எண்ணெய்த் தேநீரை முகம் சுளிக்காமல் குடித்தார், அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை. காலால் தட்டியவன் மேல் வைத்தேன். அவனுக்கு முகமில்லை. அம்மா மேல் வைத்தேன்: பயத்தைப் பண்டிகை என்று சொல்லி என்னை ஏமாற்றிவிட்டாரே. பிறகு அதையும் சந்தேகித்தேன். வேறு என்ன செய்திருக்கலாம் அவர்? இருட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு வெளிச்சமும் காட்டாமல் விட்டிருக்கலாம். விடவில்லையே. ஆனால் என் மகள் அந்தப் பொய்யைக் கேட்டு வளரக்கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

அதனால்தான் நேற்றுத் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு, சிட்டிகளை மறுபடி மதிலுக்குக் கொண்டுபோனேன். மகள் தலைகால் புரியாமல் குதித்தாள். அம்மா வாசலில் நின்றார். அப்போது ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பியது.

நான் அசையவில்லை. அசைந்தது மகள். ஓடிப்போய், தன் மண் விளையாடுகிற சின்ன வாளிகளை எடுத்து, விளக்குகளின் மேல் கவிழ்த்தாள். கைக்கு எட்டியதையெல்லாம் மூடிவிட்டு, மிஞ்சிய ஒன்றை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். சென்றியைக் கண்ணால் கண்டிராத பிள்ளை.

வந்தவர் முன்வீட்டு ஹாட்வெயார் கடை முஸ்லிம் நானா. வேகத்தைக் குறைத்தார். "என்ன தங்கச்சி, இங்கயும் கரண்ட் இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

அம்மா பக்கம் திரும்பினேன். இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் சொல்லத்தான் திரும்பினேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"பாத்தீங்களா?"

அம்மா உள்ளே போனார். நெருப்புப்பெட்டியும், கைக்கு அகப்பட்ட மகளின் சின்னக் குடையுமாக வந்தார். வாளிகளை எடுத்து, அணைந்த திரிகளைத் தானே கொளுத்தினார். பிறகு குடையை விரித்து, மதிலுக்கு வெளியே, றோட்டுப் பக்கமாகச் சரித்துப் பிடித்தார்.

"காத்து" என்றார்.

ஒரு இலைகூட அசையவில்லை. மறைக்கத்தான் பிடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது வாத்துப் படம் போட்ட மெல்லிய மஞ்சள் துணிக் குடை. விளக்குகளின் வெளிச்சம் முழுவதும் அதில் ஏறி, இருண்ட ஒழுங்கையில் அது பெரிய வெளிச்சக்கூடு மாதிரி எரிந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் வெளியே வந்துவிட்டார்கள். மகள் சிரித்தாள். அம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை, அவர் உட்பக்கம் நின்றார்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் குடை வெளிச்சமாகிவிட்டதை அவருக்குச் சொல்லவில்லை.

பழைய வீட்டு ஒழுங்கை முகப்பில் சென்றி இருந்த இடத்தில் இப்போது போன் திருத்துகிற கடை. கிணற்றைக் கொங்கிறீற் போட்டு மூடி, மேலே தண்ணீர்த்தாங்கி வைத்துவிட்டார்கள். அப்பா இல்லை. மறுநாள் தேநீரில் எண்ணெய் மணப்பதும் இல்லை. எல்லாம் போனபிறகும் போகாமல் நின்றது அம்மாவின் கை. எண்ணெய் முடிந்து கடைசித் திரி கருகும்வரை அது குடையை இறக்கவில்லை.