தங்கையின் நாட்டுத் தீபாவளி லீவு

என் தங்கைமேல் எனக்குப் பொறாமை. சொல்ல வெட்கமில்லை. அவளுடைய வீட்டிலோ காரிலோ எனக்குக் கண் இல்லை. அவளுடைய நாட்டுத் தொழிற்சட்டத்தில்தான் கண்.

அவள் கலியாணம் செய்து மலேசியாவுக்குப் போனவள். கிள்ளானில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில், வேலையாட்களின் லீவு, முறைப்பாடு எல்லாம் பார்ப்பது அவள் வேலை. நான் அகதியாகச் சுவிசுக்கு வந்து, வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் இருபது வருடமாக நிற்கிறேன். தொலைபேசி எடுத்தால் போதும், "எங்கட சட்டத்தில" என்று தொடங்கிவிடுவாள். இவ்வளவு காலம் இங்கே இருந்தும் எனக்கு ஒருநாளும் அப்படி "எங்கட" என்று வாயில் வந்ததில்லை.

அங்கே சட்டத்தைத் திருத்திய நேரத்தில் அவளைப் பிடிக்க முடியவில்லை. பிரசவ லீவு தொண்ணூற்றெட்டு நாளாம். தகப்பனுக்கும் ஏழு நாளாம். கிழமைக்கு நாற்பத்தைந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாதாம். நான் கேட்டுக்கொண்டே மனதுக்குள் ஒப்பிட்டேன். பிரசவ லீவு இங்கேயும் பதினாலு கிழமை, அதில் சமம். எனக்குக் கிழமைக்கு நாற்பத்திரண்டு மணித்தியாலம், அதில் நான் வென்றேன். அந்தச் சந்தோசம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"தீபாவளிக்கு எங்களுக்கு அரசாங்க லீவு அக்கா. அண்டைக்கு ஆரையும் வேலைக்குக் கூப்பிட்டா மேலதிகச் சம்பளம் குடுக்கவேணும். மலாய்க்காரர், சீனர் எல்லாரும் எங்கட வீட்டுக்குச் சாப்பிட வருவினம். உங்களுக்கு எப்பிடி?"

"எங்களுக்கும் லீவுதான்" என்றேன்.

பச்சைப் பொய். தீபாவளியன்று நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நிற்பேன். அங்கே வேலை செய்யும் தமிழாட்கள் ஒருவரும் லீவு கேட்பதில்லை. கேட்கிற ஆளைத்தான் முதலில் நிறுத்துவார்கள், வேலை போனால் விசாவும் போகும் என்று வந்த புதிதில் யாரோ சொன்னார்கள். விசா நிரந்தரமான பிறகும் அந்தப் பயம் நிரந்தரமாகவே இருந்தது. இவர்களின் நத்தார்ப் பெருநாளுக்கு யார் வேலைக்கு வருவது என்று கேட்டால் முதல் கை தூக்குவதும் நாங்கள்தான். பிள்ளைகள் இருவரும் தீபாவளிக்கு, நான் முதல்நாள் சமைத்து வைத்ததைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தார்கள்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் தங்கையின் மாமனார் தவறிவிட்டார். "எங்கட வீட்டில இந்த முறை கொண்டாட்டம் இல்லை. நீங்கள் லீவில நிப்பீங்கள்தானே? வாறன்" என்று தீபாவளிக்கு இரண்டு நாளைக்கு முன்னமே வந்து இறங்கினாள். லீவு இல்லை என்று சொன்னால் அவள் முகத்தில் வரப்போகிற பரிதாபத்தை நினைக்கவே முடியவில்லை.

தீபாவளியன்று காலை குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஷெஃபினுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஷெஃபின் என்றால் எங்கள் சமையலறைப் பொறுப்பாளர், நல்ல மனுசி. "கிராங்க்" என்றேன், சுகமில்லை என்று. நம்பட்டும் என்று மூன்று தரம் இருமினேன். கதவைத் திறந்தால் வாசலில் தங்கை நிற்கிறாள்.

"அக்கா, உந்த இருமல் எனக்கு நல்லாத் தெரியும். ஒவ்வொரு திங்கக்கிழமையும் நாலு பேர் எனக்கு இருமுறவை."

நான் தொலைபேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"ஏன், லீவு கேக்கேல்லையோ?"

"கேட்டாத் தரமாட்டினம்."

"ஆர் சொன்னது? வெளிக்கிட முதல் உங்கட சட்டத்தை ஒருக்கா வாசிச்சனான். இங்கிலீசில போட்டிருக்கினம். வேற சமயத்துப் பெருநாளெண்டா மூண்டு நாளைக்கு முன்னம் அறிவிச்சுப்போட்டு வீட்டில நிக்கலாமாம். சம்பளம் வராமல் போகலாம், ஆனா நிக்கலாம்."

ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய சட்டம் அவளுக்கு இருக்கட்டும். என்னுடையதையும் எனக்கு முதலே வாசித்துவிட்டு வந்து, என் வீட்டுக் குளியலறை வாசலில் நின்று எனக்குச் சொல்கிறாளே! அன்று நான் சுட்ட வடை எனக்கே கைத்தது. அவள் சாப்பிட்டுவிட்டு நல்ல ருசி என்றாள்.

அடுத்த வருடம் நான் அறிவித்தேன். மூன்று நாள் போதும் என்றாலும் பயத்தில் மூன்று கிழமைக்கு முதலே போய் நின்றேன். சொல்ல வேண்டிய ஜெர்மன் வசனங்களை பஸ்ஸில் பாடமாக்கியிருந்தேன். ஷெஃபின் பாதியிலேயே தலையாட்டிவிட்டு, வேலை அட்டவணையில் என் பெயருக்கு நேரே பச்சைப் பேனாவால் "ஃபிரை" என்று எழுதினார். லீவு.

"இவ்வளவு காலமும் ஏன் கேட்கவில்லை?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் ஜெர்மன் பாடமாக்கி வைத்திருக்கவில்லை.

தீபாவளியன்று விடிய எழும்பித் தலை முழுகிப் புதுச்சேலை உடுத்தேன். வடை, பாயசம், ஆட்டிறைச்சிக் கறி எல்லாம் பத்து மணிக்கே தயார். தங்கை வீடியோவில் வந்தாள். அவள் பிள்ளைகள் இருவரும் புது உடுப்போடு ஓடித்திரிந்தார்கள், சிநேகிதர் கூட்டம் வாசல்வரை நின்றது. ஒவ்வொருவராகக் காட்டினாள். நான் சிரித்துச் சிரித்துப் பார்த்தேன். தொலைபேசியை வைத்ததும் மகளுக்கு எடுத்தேன். அவளுக்கு இப்போது சூரிச்சில் வேலை.

"எத்தினை மணிக்கு வாறாய்?"

"இண்டைக்கு வேலை அம்மா. தம்பிக்கும் வேலை. சனிக்கிழமை வாறம்."

"தீபாவளியெல்லே பிள்ளை. லீவு கேட்டிருக்கலாமே. சட்டத்தில இடமிருக்கு."

மகள் என்னைக் குத்திக் கதைக்கிற பிள்ளை இல்லை. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"தீபாவளிக்கோ? தீபாவளிக்கு எங்கட வீட்டில ஆர் அம்மா லீவு எடுக்கிறது?"